விலை இடைவெளியை நம்பி சிலிண்டர் மாட்டலாமா?

போன மாதம் நண்பன் ஒருவன் போன் செய்து, காருக்கு சிஎன்ஜி (அழுத்திய இயற்கை எரிவாயு) கிட் போடலாம் என்று இருக்கிறேன், என்ன நினைக்கிறாய் என்று கேட்டான். கிட் என்ன விலை, சிலிண்டரில் எத்தனை கிலோ பிடிக்கும், டிக்கியில் பெட்டி வைக்க எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதெல்லாம் அவனே விசாரித்து வைத்திருந்தான், அதில் எனக்கு வேலையே இல்லை. போனை வைக்கப் போகும்போதுதான் கேட்டான்: "பெட்ரோலுக்கும் வாயுவுக்கும் இந்த விலை வித்தியாசம் இன்னும் எத்தனை வருஷத்துக்குடா இருக்கும்?"

பதில் தெரியவில்லை. இரண்டு நாளில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டு வாரம் இதையே படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க, அவன் கேட்டது கார் கேள்வியே இல்லை, அரசாங்கக் கேள்வி என்று புரிந்தது.

ஏன் என்றால் கணக்கு இப்படி. கிட் போடும் செலவை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிற ஒருவருக்கு பெட்ரோலைவிட எரிவாயுவில் மாதம் 3 பங்கு மிச்சமாகிறது என்றால், போட்ட பணம் திரும்பி வர 33 மாதம், அதாவது மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. சரி, பரவாயில்லை. இப்போது அந்த விலை இடைவெளி பாதியாகச் சுருங்கிவிட்டது என்று வையுங்கள். 66 மாதம் ஆகிவிடும். ஐந்தரை வருஷத்தில் பலர் காரையே மாற்றிவிடுவார்கள். அதே கிட்டை மாதம் 4,000 கிலோமீட்டர் ஓடுகிற டாக்ஸியில் போட்டால் எட்டே மாதத்தில் பணம் வந்துவிடுகிறது, இடைவெளி பாதியானாலும் பதினேழு மாதம்தான். இந்த நாலு எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரைக்கும் வேலைக்கு வரும்.

அந்த இடைவெளியை உண்டாக்குவது யார் என்று பார்த்தால், கொஞ்சம் சந்தை, மீதி அரசாங்கம். மானியம் என்றதும் யாரோ கையில் காசோலை கொடுப்பது போல நினைக்கிறோம், ஆனால் எரிவாயு வண்டி விஷயத்தில் மானியம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. பெட்ரோல், டீசலுக்கு வரி அதிகம் போட்டு எரிவாயுவுக்குக் குறைத்துப் போட்டால் அது மானியம். உள்நாட்டில் கிடைக்கும் மலிவான எரிவாயுவை உரத் தொழிற்சாலைக்கோ மின் நிலையத்துக்கோ கொடுக்காமல் முதலில் வண்டிகளுக்கு ஒதுக்கினால் அதுவும் மானியம்தான். பங்க் வைக்கிறவருக்கு கம்ப்ரஸர் வாங்கக் குறைந்த வட்டியில் கடன், லாரி வாங்குகிறவருக்கு வரிக்கழிவு, நெடுஞ்சாலையில் சுங்கக் கட்டணம் கிடையாது என்று பல வேஷங்கள்.

இந்த விஷயத்தை முழுசாகப் பார்க்க நியூசிலாந்து மாதிரி ஒரு உதாரணம் கிடையாது. எழுபதுகளில் எண்ணெய் விலை இரண்டு முறை எகிறியது, அவர்களிடம் எண்ணெய் சொற்பம், ஆனால் மாவி என்ற கடலடி எரிவாயு வயல் அப்போதுதான் உற்பத்திக்கு வந்திருந்தது. 1979ல் அரசாங்கம் சிஎன்ஜி திட்டத்தைத் தொடங்கியது. வண்டியை மாற்றுகிறவருக்கு மானியம், குறைந்த வட்டிக் கடன், பங்க் அமைக்கிறவருக்கும் உதவி. ஜனங்கள் நம்பிப் போட்டார்கள். எண்பதுகளின் நடுவில் சுமார் 1,10,000 வண்டிகள் எரிவாயுவில் ஓடின, நாட்டில் இருந்த கார்களிலும் சிறு வண்டிகளிலும் ஏறக்குறைய பத்தில் ஒன்று. அதுவும் குழாய் போயிருந்த வடக்குத் தீவில் மட்டும்!

அப்புறம் 1984ல் ஆட்சி மாறியது. புதிய அரசாங்கத்துக்கு மானியம் என்றாலே ஆகாது, விவசாயத்தில் தொடங்கி வரிசையாக வெட்டினார்கள். சிஎன்ஜி கடனும் சலுகையும் 1985ல் போயின, கொஞ்ச நாளில் எண்ணெய் விலையும் சரிந்தது. அதோடு சரி. புதிதாகக் கிட் போடுகிறவர்கள் நின்றுபோனார்கள், வேலை இல்லாமல் கிட் மாட்டும் கடைகள் மூடின, கடை மூடியதால் ஏற்கெனவே போட்டவருக்குப் பழுது பார்க்க ஆள் இல்லை, வண்டி குறையக் குறைய பங்க்குகளும் ஒவ்வொன்றாகக் கையை விரித்தன. அந்த அரசாங்கம் தவறு செய்தது என்று சொல்ல வரவில்லை, மானியத்தை நிறுத்துவது அவர்கள் கொள்கை. ஆனால் கொடுக்கும்போது எப்போது நிறுத்துவோம் என்று யாரும் சொல்லவில்லையே! டிக்கியில் சிலிண்டர் சுமந்தவன்தான் நட்டாற்றில் நின்றான்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. பெட்ரோல் பங்க் மாதிரி ஒரு தொட்டியைப் புதைத்து பம்பு வைத்தால் சிஎன்ஜி பங்க் ஆகிவிடாது. குழாயில் வருகிற வாயுவை 200 முதல் 250 பார் அழுத்தத்துக்கு ஏற்ற கம்ப்ரஸர் வேண்டும், அது ஓட மின்சாரம் வேண்டும், அழுத்திய வாயுவைச் சேமித்து வைக்க வரிசையாக உருளைகள் வேண்டும். நிரப்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் நாலைந்து வண்டிக்கு விறுவிறு என்று ஏறும். அதற்குப் பிறகு வருகிறவருக்கு உருளைகளில் அழுத்தம் இறங்கியிருக்கும், முள் பாதியிலேயே தயங்கி நிற்கும். இன்னொரு கூத்து, வேகமாக ஏற்றும்போது சிலிண்டருக்குள் வாயு சூடாகிவிடும். சூட்டில் முள் 200ஐத் தொடும், நாமும் நிறைந்துவிட்டது என்று கிளம்பிவிடுவோம். ஒரு மணி நேரம் கழித்து ஆறியதும் பார்த்தால் முள் கீழே இறங்கியிருக்கும். பங்க்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும், பாவம் அவர் மேல் தப்பில்லை, இயற்பியல் அப்படி.

இவ்வளவு செலவு செய்து பங்க் வைப்பவர், வண்டி வருமா என்று பார்ப்பார். வண்டி வாங்குபவர், பங்க் இருக்கிறதா என்று பார்ப்பார். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதை. இந்தத் துறையில் ஒரு பங்க்குக்குச் சுமார் ஆயிரம் வண்டி என்று தோராயக் கணக்கு ஒன்று சொல்வார்கள். அதற்கு மிகவும் கீழே போனால் பங்க்காரருக்குக் கட்டாது, மிகவும் மேலே போனால் வரிசை நீளும். இந்த முடிச்சை அவிழ்க்க ஆரம்பத்தில் அரசாங்கத்தின் பணம் தேவை என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். சந்தையே பார்த்துக்கொள்ளும் என்று விட்டால் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

கொடுக்கிற விதத்தில்தான் கோளாறு. அமெரிக்காவைப் பாருங்கள். 2005ல் போட்ட நெடுஞ்சாலைச் சட்டத்தில் மாற்று எரிபொருளுக்கு ஒரு காலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) 50 சென்ட் வரிக்கழிவு கொடுத்தார்கள், 2006 அக்டோபரில் அமலுக்கு வந்தது, சிஎன்ஜி, திரவமாக்கிய வாயுவான எல்என்ஜி இரண்டுக்கும் உண்டு. நல்ல தொகைதான். ஆனால் அதை ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நீட்டிப்பதும், காலாவதியாக விடுவதும், பிறகு முன்தேதியிட்டு உயிர் கொடுப்பதுமாகவே ஓட்டினார்கள். 2017 முடிவில் காலாவதியானதை 2019 டிசம்பரில் சட்டம் போட்டு, 2018, 2019 இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டு வருஷமாக வண்டி ஓட்டி முடித்தவரிடம் இந்தா வாங்கிக்கொள் என்று கொடுத்தால் வாங்கிக்கொள்ளாமல் என்ன செய்வார்? ஆனால் அந்தப் பணத்தால் புதிதாக ஒரு லாரிகூட எரிவாயுவுக்கு மாறியிருக்க வழியில்லை, ஏனென்றால் மாறலாமா என்று யோசித்த நாளில் அந்தப் பணம் கிடைக்குமா என்று அவருக்குத் தெரியாது. மானியம் என்றால் முடிவெடுப்பதற்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் வருவது போனஸ்.

அதே நாட்டில் ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் பிடுங்கிய வேடிக்கையும் நடந்தது. இயற்கை எரிவாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கினால் அதுதான் எல்என்ஜி, அறுநூறில் ஒரு பங்கு இடத்தில் அடங்கிவிடும், தொலைதூர லாரிகளுக்கு வசதி. ஆனால் ஒரு காலன் டீசலில் இருக்கிற ஆற்றலுக்கு ஏறக்குறைய 1.7 காலன் எல்என்ஜி வேண்டும். மத்திய வரியோ இரண்டுக்கும் காலன் கணக்கில் ஒன்றேபோல, 24 சென்ட் சொச்சம். அதே தூரம் போக எல்என்ஜி லாரி கட்டியது 41 சென்ட்! வரிக்கழிவு கொடுத்து ஊக்குவிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே எழுபது சதவீதம் கூடுதலாக வசூலித்திருக்கிறார்கள். ஆற்றலை வைத்து வரி போட வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தி, அது அமலுக்கு வந்தது 2016 ஜனவரி 1. அதே ஜனவரியில் கச்சா எண்ணெய் பீப்பாய் 30 டாலருக்கும் கீழே விழுந்தது, டீசலே மலிவாகக் கிடைக்கும்போது எல்என்ஜியை யார் திரும்பிப் பார்ப்பார்கள். குதிரை ஓடிப்போன பிறகு லாயத்துக்குப் பூட்டு.

டி. பூன் பிக்கன்ஸ் என்ற டெக்சாஸ் எண்ணெய் முதலாளி 2008ல் சொந்தக் காசைக் கொட்டி விளம்பரம் செய்தார்: காற்றாலையில் மின்சாரம் எடுப்போம், அதனால் மிச்சமாகும் எரிவாயுவை லாரிகளுக்குக் கொடுப்போம், வெளிநாட்டு எண்ணெயை நிறுத்துவோம். எரிவாயு பங்க் நடத்தும் நிறுவனம் ஒன்றில் அவருக்குப் பங்கு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் ஆதரித்த மசோதாவில் பெரிய லாரி ஒன்றுக்கு 64,000 டாலர் வரை வரிக்கழிவு. 2012 மார்ச்சில் செனட்டில் ஓட்டெடுப்புக்கு வந்தபோது ஆதரவு 51, எதிர்ப்பு 47. பெரும்பான்மைதான், ஆனால் அங்கே 60 வேண்டும், விழுந்துவிட்டது. அடுத்த மாதமே எரிவாயு விலை அந்நாட்டுச் சந்தையில் பத்து லட்சம் பிடியூ என்ற வெப்ப அளவுக்கு 2 டாலருக்கும் கீழே போனது, ஆழத்துப் பாறையை உடைத்து எடுக்கும் பாறை எரிவாயு அவ்வளவு வந்து குவிந்திருந்தது. மூலப்பொருள் சும்மா கிடைக்கிற மாதிரி மலிவு, அப்படியும் லாரிக்காரர்கள் கும்பலாக மாறவில்லை. லாரியின் கூடுதல் விலை அப்படி, வழியில் பங்க் இல்லாத பயம் அப்படி. பழைய எரிவாயு லாரியை இரண்டாம் கையில் யார் வாங்குவார்கள் என்ற கேள்வியும் உண்டு, இதை ஏனோ யாரும் மானியக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பாகிஸ்தான் இதற்கு நேர் எதிர்ப்பக்கம். அங்கே இடைவெளி போதவில்லை என்ற பிரச்சினையே வரவில்லை, அளவுக்கு மீறி வேலை செய்துவிட்டது. விலையைத் தாழ்த்தி வைத்தார்கள், பங்க் உரிமங்களைத் தாராளமாகக் கொடுத்தார்கள், 2010 வாக்கில் இருபது லட்சத்துக்கும் மேல் வண்டிகள், மூவாயிரத்துக்கும் மேல் பங்க்குகள், உலகத்திலேயே முதல் வரிசை. ஆனால் வயலில் வாயு குறைந்துகொண்டிருந்தது. குளிர்காலத்தில் வீட்டு அடுப்புக்கா, ஆலைக்கா, மின் நிலையத்துக்கா, காருக்கா என்று அடிதடி. பஞ்சாப் மாகாணத்தில் வாரத்தில் சில நாட்கள் பங்க்குகளை மூடவே உத்தரவு. திறந்திருக்கும் நாளில் மைல் நீளத்துக்கு வரிசை. ஒரு காலத்தில் ஊக்குவித்த அதே அரசாங்கம் பிறகு கிட், சிலிண்டர் இறக்குமதிக்கே தடை போட்டது. மலிவாகக் கொடுத்தால் தீர்ந்துபோகும் என்பது ரேஷன் கடையில் நின்ற எவருக்கும் தெரியும், திட்டம் போடுகிறவர்களுக்கு மட்டும் எப்படியோ மறந்துவிடுகிறது.

எரிவாயு வண்டிக்கு ஆதரவாக ஒரு உதாரணம் சொல் என்றால் நான் டெல்லியைத்தான் சொல்வேன். அங்கே நடந்தது மானியத்தைவிடக் கட்டாயம். 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 2001 மார்ச்சுக்குள் எல்லாப் பேருந்தும் சிஎன்ஜிக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது, பழைய ஆட்டோவும் டாக்ஸியும் சுத்தமான எரிபொருளுக்குப் போக வேண்டும், அதற்கு நிதிச் சலுகை தர வேண்டும் என்றும் சொன்னது. கெடு தள்ளிக்கொண்டே போனது, ஆட்டோக்காரர்கள் இரவெல்லாம் வரிசையில் தூங்கினார்கள், வாயு இல்லை, பங்க் இல்லை, பேருந்து இல்லை என்று ஆளுக்கொரு காரணம். 2002 ஏப்ரலில் நீதிமன்றம் பொறுமை இழந்து, ஓடும் ஒவ்வொரு டீசல் பேருந்துக்கும் நாளுக்கு 500 ரூபாய் அபராதம், ஒரு மாதம் தாண்டினால் 1,000 என்றது. அந்த டிசம்பருக்குள் டீசல் நகரப் பேருந்துகள் போய்விட்டன. கரும்புகை கக்கிய பேருந்துக்குப் பின்னால் ஸ்கூட்டரில் போனவருக்கு இது என்ன மாற்றம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு டெல்லிக் காற்று மறுபடி மோசமானதற்கு வண்டிகளின் எண்ணிக்கையும் வேறு பல காரணங்களும் உண்டு, அதை வைத்து அன்று செய்தது வீண் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் கவனியுங்கள், எரிவாயுவின் பெரிய பலன் புகையில்தான், புவி வெப்பத்தில் அல்ல. எரியும்போது அதே ஆற்றலுக்குப் பெட்ரோலைவிடச் சுமார் கால் பங்கு குறைவாகக் கரியமில வாயு வரும், அது உண்மை. டீசலோடு ஒப்பிட்டால் அந்தக் கால் பங்கிலும் நிறையக் கரைந்துவிடும், டீசல் என்ஜினின் திறன் அதிகம் என்பதால். மேலும் எரியாத மெத்தேன் கிணற்றிலோ குழாயிலோ என்ஜினிலோ கசிந்தால் அது கரியமில வாயுவைவிட நூறு வருஷக் கணக்கில் முப்பது மடங்கு அளவுக்கும், இருபது வருஷக் கணக்கில் எண்பது மடங்கு அளவுக்கும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். கொஞ்சம் கசிந்தாலே லாபம் போச்சு. ஆகவே "பசுமை எரிபொருள்" என்று பச்சை வண்ணத்தில் எழுதி மானியம் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

ஐரோப்பாவிலும் கதை பெரிதாக மாறவில்லை. ஜெர்மனி 2018 முதல் 2020 வரை சிஎன்ஜி லாரிக்கு 8,000 யூரோ, எல்என்ஜி லாரிக்கு 12,000 யூரோ கொடுத்தது, 2019 முதல் சுங்கக் கட்டணத்திலும் விலக்கு. அந்த விலக்கு 2023 முடிவில் போய்விட்டது, அதற்கு முன்பே 2022ல் ரஷ்யா - உக்ரைன் போரால் எரிவாயு விலை வானத்துக்குப் போயிருந்தது. இத்தாலியில் முப்பதுகளிலிருந்தே மெத்தேன் கார் ஓட்டுகிறார்கள், வரி மிகக் குறைவு, அப்படிப்பட்ட ஊரிலேயே கிலோ ஒரு யூரோவை ஒட்டி இருந்த வாயு அந்த வருஷம் இரண்டு யூரோவைத் தாண்டியது. வரி குறைவு என்பதால் பெட்ரோல் போல அடி வாங்கித் தாங்கும் மெத்தை அதற்கு இல்லை. பெட்ரோல் விலையில் பாதி வரி என்றால், மூலப்பொருள் இரண்டு மடங்கானாலும் பங்க் விலை ஒன்றரை மடங்குதான் ஆகும், வரியைக் குறைத்து ஆறுதலும் சொல்லலாம். ஏற்கெனவே வரி சொற்பமான எரிபொருளில் குறைக்க என்ன இருக்கிறது?

சுவீடனில் வண்டிக்குப் போடும் வாயுவில் பெரும்பகுதி குழாய் வாயுவே இல்லை, கழிவிலிருந்து எடுத்த உயிர்வாயு, அதற்கு வரிவிலக்கு கொடுத்திருந்தார்கள். மேலே சொன்ன கசிவுக் கணக்கு இங்கே தலைகீழாகிவிடும், எப்படியும் அழுகி மேலே போகிற மெத்தேனைத்தானே பிடித்து எரிக்கிறோம். எனக்குப் பிடித்த திட்டம். அதற்கே 2022 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒன்று, அந்த விலக்குக்கு ஐரோப்பிய ஆணையம் கொடுத்த அனுமதியை ரத்து செய்ய, 2023 மார்ச்சிலிருந்து வரி விழுந்தது. மறுபடி அனுமதி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்தியாவிலும் சாணம், நகரக் குப்பை, கரும்பாலைக் கழிவிலிருந்து வாயு எடுக்க 2018 அக்டோபரில் சதத் திட்டத்தைத் தொடங்கினார்கள், இலக்கு 5,000 ஆலைகள், குறித்த காலம் போய்விட்டது, இலக்கின் பக்கத்தில்கூட வரவில்லை.

இதையெல்லாம் படித்த பிறகு என் கருத்து இவ்வளவுதான். முதலில் சொன்ன நாலு எண்களை எடுத்துப் பாருங்கள். சொந்தக் காருக்கு மானியம் கொடுத்து ஒருவரை மூன்று வருஷக் கணக்கில் இறக்கிவிட்டால், நடுவில் கொள்கை மாறியதும் அவர் மாட்டிக்கொள்வார். பேருந்து, குப்பை லாரி, டாக்ஸி இவையெல்லாம் நாள் முழுக்க ஓடும், இரவில் ஒரே இடத்துக்குத் திரும்பும், ஒரு பணிமனையில் ஒரு கம்ப்ரஸர் வைத்தால் போதும், இரவு முழுக்க மெதுவாக ஏற்றலாம், சிலிண்டர் சூடாகிற பிரச்சினையும் இல்லை. விலை இடைவெளி பாதியானாலும் தாங்கும். நகரத்து மூக்குக்குப் பக்கத்தில் புகை விடுகிறவையும் இவைதான். பணம் கொடுப்பதானால் இங்கே கொடுக்கலாம், மின்சாரப் பேருந்து மலிவாகிற வரைக்கும். மற்றபடி சாலைக்கான வரியை எரிவாயு வண்டியும் கட்டத்தான் வேண்டும், அதன் சக்கரமும் அதே தாரைத்தான் தேய்க்கிறது. எதைக் கொடுத்தாலும், எந்த வருஷம் எவ்வளவு குறையும், எப்போது நிற்கும் என்று முதல் நாளே அரசாணையில் எழுதட்டும். அர்ஜெண்டினாவில் 1984லிருந்து தொடங்கி பதினைந்து லட்சத்துக்கும் மேல் வண்டிகள் எரிவாயுவுக்கு வந்தது பெரிய காசோலையால் அல்ல, பெட்ரோலுக்கும் வாயுவுக்கும் நடுவில் வரி வித்தியாசம் பல வருஷம் நிலைத்து நின்றதால்தான்.

நண்பனுக்கு நேற்றுத்தான் போன் செய்தேன். இன்றைய இடைவெளியை மறந்துவிடு, அதில் பாதியை வைத்துக் கணக்குப் போடு, சில வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டரைச் சோதனைக்குக் கொடுக்கிற செலவையும் சேர், அப்படியும் கட்டினால் போடு என்றேன். கொஞ்ச நேரம் கால்குலேட்டர் தட்டுகிற சத்தம் கேட்டது. "ஆறு வருஷம் வருது" என்றான். அவன் கார் வாங்கி ஏற்கெனவே ஐந்து வருஷம் ஆகிறது. "டிக்கி வேற போயிடும்ல" என்று அவனே சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டான்.